ரேகை விழவில்லை: பட்டியல்கள் பற்றி ஒரு வரலாற்று ஆசிரியரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சாதிவாரிக் கணக்கெடுப்பு வரப்போகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து கூட்டங்களிலும் கல்யாணப் பந்தியிலும் பேருந்திலும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். ஆவணக் காப்பகத்தில் நான் அதிகம் புரட்டியது மன்னர் கதைகளை இல்லை. அரசாங்கம் மனிதர்களைப் பட்டியல் போட்ட தாள்களை. அதனால் எதைக் கேட்டாலும் என் பதில் சுற்றி வந்து பட்டியலிலேயே நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், பழசைப் படித்தவருக்கு இன்றைய அரசியலில் என்ன வேலை?

நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்வது என் வேலை இல்லை. அதற்குத் தொலைக்காட்சியில் ஆட்கள் இருக்கிறார்கள். "இது புதுசு, இதற்கு முன்னால் இப்படி நடந்ததே இல்லை" என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் இருமிவிட்டு ஒரு பழைய தாளை எடுத்துக் காட்டுவேன்.

ஆதாரையும் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் ஒரே பேச்சில் ஏன் இழுக்கிறீர்கள்? மிகையாக இல்லையா?

இரண்டும் ஒன்று என்று நான் சொன்னதில்லை. இரண்டுக்கும் கீழே ஒரே விரல் இருக்கிறது, அவ்வளவுதான்.

1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி இருந்தார். சாலைக்குச் சரளைக்கல் கொடுக்க ஒப்பந்தம் போட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கம் அழுத்தி எடுத்துக்கொண்டார். 'நான் கையெழுத்தே போடவில்லை' என்று நாளைக்கு மறுத்துவிடக் கூடாது என்ற கணக்கு. சிப்பாய்க் கலகம் முடிந்தும் முடியாத நேரம் அது. எவரையும் நம்ப முடியாத அரசாங்கம், பேச்சை விட்டுவிட்டுத் தோலை நம்பத் தொடங்கியது.

பிறகு ஹூக்ளியில் ஓய்வூதியம் வாங்குவோரிடமும் பத்திரம் பதிய வருவோரிடமும் அவரே ரேகை எடுத்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் திறந்தது. உலகிலேயே முதலாவது என்று சொல்லப்படுவது அதுதான். ஆயிரக்கணக்கான ரேகைகளுக்குள் ஒன்றை நிமிடங்களில் தேடி எடுக்கும் வகைப்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அலுவலர்கள். முறைக்குப் பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். 1901இல் அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். கைரேகைத் தொழில்நுட்பம் சீமையிலிருந்து இங்கே வந்ததாகத்தான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது இங்கே, நம் முன்னோர் விரல்களில் பழகிப் பார்க்கப்பட்டு அங்கே ஏற்றுமதியானது.

2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி என்ற சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டபோது, பத்து விரலும் கருவிழியும் எடுத்துக்கொண்டார்கள். நோக்கம் வேறு, காலம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நீ யார்?' என்று ஒருவரிடம் கேட்டுவிட்டு அவர் சொல்லும் பதிலைக் காதில் வாங்காமல் விரலைப் பார்க்கும் பழக்கம், 1858இலிருந்து அறுபடாமல் வருகிறது.

(ஒரு சின்ன வேடிக்கை. 'கைநாட்டு' என்பது எழுதப் படிக்கத் தெரியாதவரைக் குத்திப் பேசும் சொல்லாக இருந்தது. இப்போது மென்பொருள் நிறுவனத்தில் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவரும் காலையில் வாசலில் கைநாட்டு வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.)

பெருங்காமநல்லூரில் உண்மையில் என்ன நடந்தது?

இந்தக் கேள்வியை மதுரைக்கு மேற்கே யாரும் கேட்பதில்லை. மற்ற ஊர்க்காரர்கள்தான் கேட்கிறார்கள்.

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871இல் வட இந்தியாவுக்காக வந்தது. 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு சாதியையோ கூட்டத்தையோ 'குற்றப் பரம்பரை' என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் போதும். அதில் பிறந்தவர் திருடினாரா இல்லையா என்ற கேள்வியே எழாது. பிறந்ததே போதுமான சாட்சி. அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். என் மாணவர்களிடம் நான் அடிக்கோடு போடச் சொன்னது இந்த இடத்தைத்தான். சட்டத்தின் கொடுமை ரேகை எடுத்ததில் மட்டும் இல்லை. 'என் பேர் தப்பாகச் சேர்ந்துவிட்டது' என்று போய்ச் சொல்ல ஒரு வாசல்கூட வைக்கவில்லையே, அங்கே இருக்கிறது.

மதுரை வட்டாரத்தில் 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கி, பிறமலைக் கள்ளர் ஊர்கள் ஒவ்வொன்றாக இதற்குள் வந்தன. பதிவான ஆண்கள் ரேகை கொடுக்க வேண்டும். இரவில் காவல்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஊர் எல்லை தாண்டினால் கையில் சீட்டு வேண்டும். ராதாரிச் சீட்டு என்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு ஒரு நல்லது கெட்டதுக்குப் போவதானாலும் சீட்டு. மக்கள் வாயில் அந்தச் சட்டத்துக்கு நீளமான பெயரெல்லாம் கிடையாது, 'ரேகைச் சட்டம்' என்றுதான் சொன்னார்கள். எது வலித்ததோ அதையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று காவல் படை ஊரைச் சூழ்ந்தது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் 16 பேர். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடியவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் சிரியன் கிறித்தவரான அவரை அந்த மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். மதுரைப் பக்கம் ரோசாப்பூ என்று பெயருள்ள பெரியவர்கள் யாராவது இருந்தால், பெயர்க் காரணத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ஜாலியன்வாலா பாக் நடந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் அதற்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்திருந்தால், நான் கூட்டம் கூட்டமாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்தச் சட்டம்தான் எப்போதோ ஒழிந்ததே?

சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கினார்கள். நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31 அன்று போனது. சட்டம் போன இடத்தில் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் மாநிலந்தோறும் வந்து உட்கார்ந்தன.

பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920இல் கைதிகள் அடையாளச் சட்டம் என்று ஒன்றும் வந்தது. கைதானவர்களின் விரல் ரேகை, பாத ரேகை, புகைப்படம் எடுக்க அது அனுமதித்தது. நூறு ஆண்டு ஓடிய அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2022இல் புதிய குற்ற நடைமுறை அடையாளச் சட்டம் கொண்டு வந்தார்கள். பழையதைவிட அகலமானது: கருவிழி, விழித்திரை, உடல் மாதிரிகள் எல்லாம் இப்போது 'அளவுகள்'. தேசியக் குற்ற ஆவணப் பதிவகம் அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். காலனிய எச்சத்தைத் துடைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்தது இது. நான் சிரிக்கவில்லை, சிரிப்பு வரவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பழைய பட்டியலில் இருந்த சமூகங்கள்தான் இன்று 'சீர்மரபினர்'. தமிழ்நாட்டில் 68 சமூகங்கள். 1979இல் அரசு அவர்களைச் 'சீர்மரபினப் பழங்குடியினர்' என்பதிலிருந்து 'சீர்மரபினர் சமூகங்கள்' என்று மாற்றியது. அந்த ஒரு சொல்லைத் திரும்பக் கேட்டு நாற்பது வருடம் மனுப் போட்டார்கள். 2019இல் மத்திய அரசின் திட்டங்களுக்கு மட்டும் பழைய சொல் போட்ட சான்றிதழ் தரலாம் என்று ஆனது. தாத்தா எந்தப் பட்டியலிலிருந்து தப்பிக்க உயிரைக் கொடுத்தாரோ, பேரன் அதன் வாரிசான பட்டியலில் இடம் கேட்டு நிற்கிறான். இதில் முரண் ஒன்றும் இல்லை. தாத்தாவுக்கு அந்தப் பட்டியல் விலங்கு, பேரனுக்கு அது பங்குப் பத்திரம்.

அப்படியானால் அரசாங்கம் ஆட்களை எண்ணுவது நல்லதா, கெட்டதா?

ஒரு சமூகத்தை எண்ணி 'இவர்களுக்குச் சேர வேண்டியது இவ்வளவு' என்று சொல்வது ஒரு வகை. ஒரு ஆளைக் குறித்து வைத்து 'இவன் எங்கே இருக்கிறான்' என்று பார்ப்பது இன்னொரு வகை. முதல் வகையை நான் ஆதரிக்கிறேன். இரண்டாவதைச் சந்தேகப்படுகிறேன். தொல்லை என்னவென்றால் இரண்டுக்கும் பேனா ஒன்று, மேசை ஒன்று, பல சமயம் அதிகாரியும் ஒருவரே.

முதல் வகைக்கு உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வகுப்புவாரி அரசாணை வந்தது. பல வருடம் தாளில்தான் இருந்தது. 1920களின் கடைசியில் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில் உயிர் வந்தது: 12 இடம் நிரப்பினால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம், ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர் ஆகிய ஒவ்வொரு பிரிவுக்கும் 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. கடைசி எண்ணைப் பாருங்கள். ஒடுக்கப்பட்டோர் தொகை என்ன, கிடைத்தது என்ன என்று எம்.சி. ராஜா போன்றவர்கள் அப்போதே கேட்காமல் இல்லை. அப்படிக் கேட்க முடிந்ததே, கையில் கணக்கு இருந்ததால்தான்.

அந்த ஆணையை 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது, அதே ஆண்டு அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 15ஆம் பிரிவில் சேர்ந்த நான்காவது உட்பிரிவு அப்படிப் பிறந்ததுதான்.

வீடு வீடாய்ப் போய்ச் சாதியைக் கேட்டு எழுதினால் சாதி வளராதா?

நேர்மையான கேள்வி. கேட்பவர்களில் பாதிப் பேர் நேர்மையாகக் கேட்கிறார்கள்.

ஆங்கிலேயர் கணக்கெடுப்பு சாதியை இறுக்கியது உண்மைதான். 1901இல் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ரிஸ்லி, எந்தச் சாதி எதற்கு மேல், எதற்குக் கீழ் என்று வரிசைப்படுத்தப் பார்த்தார். மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து வகுத்தால் இனம் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும் அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் மூக்கை அளந்தவர். அந்த வித்தையைக் காவல்துறையினருக்கும் சொல்லிக் கொடுத்தார். அந்த வரிசையில் ஒரு படி மேலே ஏறச் சாதிச் சங்கங்கள் அடுக்கடுக்காய் மனுப் போட்டன. வன்னியர்கள் சத்திரியர் என்று பதியக் கேட்டார்கள். சாணார் என்ற பெயரை எடுத்துவிட்டு நாடார் என்று எழுத 1921இல் அரசு ஒத்துக்கொண்டது. பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் 1922இல் ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் வழியே தனி. அவர் தம் மக்களைச் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று பதியச் சொன்னார். பட்டியல் போட வந்தவனின் கட்டத்துக்குள்ளேயே 'கட்டம் வேண்டாம்' என்று எழுதச் சொன்ன மனிதர்! எனக்கு அவர் மேல் தீராத பிரியம் உண்டு.

ஆனால் மறுபாதியையும் பாருங்கள். முழுச் சாதிக் கணக்கு கடைசியாக வெளிவந்தது 1931இல். 1941 போர்க்காலத்தில் சாதி அட்டவணை வெளிவரவில்லை. 1951 முதல் பட்டியல் சாதி, பழங்குடி தவிர வேறு எதையும் எண்ணவில்லை. கேட்காமலே விட்டுப் பார்த்துவிட்டோம். சாதி போனதா? கல்யாண விளம்பரத்தைத் திறந்தால் கணக்கெடுப்பாளரையே தோற்கடிக்கும் நுணுக்கத்தோடு உட்பிரிவு எழுதியிருக்கிறார்கள்.

எண்ணாததால் லாபம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். மத்திய அரசு அமைத்த ரோகிணி ஆணையம், 2018இல் சுமார் 1.3 லட்சம் மத்திய அரசு வேலைகளையும் கல்வி இடங்களையும் பிரித்துப் பார்த்தது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான இடங்களில் 97 சதவீதம், அந்தப் பட்டியலிலுள்ள சாதிகளில் கால் பங்குக்கும் குறைவானவற்றுக்கே போயிருந்தது. 983 சமூகங்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒன்றுகூட! எண்ணிப் பார்த்திராவிட்டால் இந்த 983 சமூகங்கள் போட்ட கூச்சல் எவர் காதிலும் விழுந்திருக்காது.

நீதிமன்றமும் எண்ணைத்தான் கேட்கிறது. வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்து தமிழ்நாடு 2021இல் போட்ட சட்டம், 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. அடிப்படையாகக் காட்டிய விவரங்கள் அம்பாசங்கர் ஆணையக் காலத்தவை, 1980களில் எடுத்தவை. தகுதியா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நாற்பது வருடப் பழைய ஜாதகத்தை வைத்துக்கொண்டு பொருத்தம் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

1931இல் 4,147 சாதி, 2011இல் 46 லட்சம் சாதி என்கிறார்களே?

2021இல் மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்ன எண்கள் இவை. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் சாதிப் பெயரை அவரவர் சொன்னபடியே எழுதிக்கொண்டார்கள். பட்டப்பெயர், குலப்பெயர், ஊர்ப்பெயர், எழுத்துப் பிழை எல்லாம் தனித்தனிச் சாதியாகிவிட்டன. பிள்ளை என்று ஒருவர் எழுதினால் அது எத்தனை சாதியைக் குறிக்கும் என்று திருநெல்வேலிக்காரரைக் கேளுங்கள். கணக்கெடுப்பு முடியாத காரியம் என்று காட்ட இந்த எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இது, முன்கூட்டிப் பெயர்ப் பட்டியல் தயாரிக்காமல் களத்தில் இறங்கியதன் பலனாகவே தெரிகிறது. பீகார் 2023இல் எண்ணி முடித்து வெளியிட்டதே. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மட்டும் 36 சதவீதம் என்று வந்தபோது பாட்னாவில் பல பேருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கணினியும் செயற்கை நுண்ணறிவும் முடிவெடுத்தால் பாரபட்சம் இருக்காதே? அதற்கு ஏது சாதி?

கணினிக்குச் சாதி இல்லை. அதற்கு ஊட்டிய தாளுக்கு உண்டு.

நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பராமரிப்புக்கு அரசு தரும் உதவித்தொகையில் யார் ஏமாற்றுவார் என்று கணிக்க ஒரு மென்பொருளை வைத்தார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை அதில் சந்தேகக் குறியாக இருந்தது. பல்லாயிரம் பெற்றோர், பெரும்பாலும் புலம்பெயர்ந்த குடும்பத்தார், வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லி நெருக்கப்பட்டார்கள். வீடு போனது, வேலை போனது, குடும்பங்கள் உடைந்தன. 2021 ஜனவரியில் மார்க் ருட்டே அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது.

நம் நாட்டிலேயே தெலங்கானாவில் பல லட்சம் ரேஷன் அட்டைகள், வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல், கணினி காட்டிய அளவுகோல்படி ரத்தாகின. 2022இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, நேரில் போய்ச் சரிபார்க்கச் சொன்னது.

இரண்டு இடத்திலும் நான் பார்ப்பது 1911இன் அந்த வரியைத்தான்: விசாரிக்கக் கூடாது. அன்றைக்கு அதைச் சட்டமே வெளிப்படையாகச் சொன்னது. இன்றைக்கு 'சிஸ்டம் எடுக்கலை' என்கிறார்கள். மேல்முறையீடு செய்யப் போகிறவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர், தானும் காரணம் அறியாதவர்.

முகம் பார்த்து ஆளைச் சொல்லும் கருவி பற்றியும் கேட்கிறார்கள். தர்ஸ்டன் மூக்களந்த கதையை மேலே சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ரேஷன் கடையில் ரேகை வைப்பதால் திருட்டு குறைந்திருக்கிறதே, அதை மறுப்பீர்களா?

போலி அட்டைகள் இருந்தன. எடையில் அடித்தார்கள். எல்லாம் உண்மை. எடையில் அடிப்பதை ரேகை எப்படித் தடுக்கும் என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் அம்மாவுக்கு 84 வயது. வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்து, புளி கரைத்து, நாற்று நட்ட கை. இயந்திரத்தில் பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. "ரேகை விழலை பாட்டி, தள்ளுங்க, அடுத்த ஆளு வாங்க" என்றார் விற்பனையாளர். "அம்பது வருஷமா இந்தக் கடைக்கு வர்றேன். என்னைய உனக்குத் தெரியாதாப்பா?" என்றார் அம்மா. "எனக்குத் தெரியுது பாட்டி. மிஷினுக்குத் தெரியலையே" என்று அவர் சொன்னபோது அவர் முகத்திலும் சங்கடம்தான். கைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்லி வாங்கலாம், பல கடைகளில் கருவிழிக் கருவியும் வந்துவிட்டது, வர முடியாதவர்கள் வேறு ஆளை அனுப்பப் படிவமும் உண்டு. அம்மாவுக்கு மகன் இருந்தான், கைபேசி இருந்தது, அரிசி வந்துவிட்டது. 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஆதாரோடு இணைக்காத அட்டை நீக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் 11 வயதுப் பெண் குழந்தை இறந்தது. பட்டினிதான் என்றார் தாய். இல்லை, காய்ச்சல் என்றது நிர்வாகம். அட்டை நீக்கப்பட்டதை யாரும் மறுக்கவில்லை.

2018இல் ஆதார் செல்லும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 4க்கு 1 என்று வந்தது. அந்த ஒருவரான நீதிபதி சந்திரசூட்டின் மாற்றுத் தீர்ப்பை முடிந்தால் படியுங்கள். நீளமானது, ஆனாலும் படிக்கலாம்.

வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு ஆவணம் கேட்பதில் என்ன தப்பு? இந்நாட்டுக்காரன் என்றால் காகிதம் இருக்காதா?

இந்தக் கேள்விக்கு நான் இலங்கை மலையகத்தைத்தான் காட்டுவேன். அங்கே தேயிலைத் தோட்டத்தில் நம் சனங்களைப் பற்றிய காகிதங்களுக்குப் பஞ்சமே இல்லை. கங்காணி வைத்த கடன் கணக்கு, ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் 'துண்டு', அன்றாடம் பேர் பதியும் செக்ரோல். எடை குறைந்தால் 'அரைப் பேர்' போடுவார்கள், அதாவது பாதிச் சம்பளம். மனிதனையே பாதியாக எழுதத் தெரிந்த பேரேடு! இத்தனை காகிதமும் துரையிடம் இருந்தது. தொழிலாளி கையில் ஒன்றும் இல்லை.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்றது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஒரு சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். அடுத்து வாக்குரிமையும் போனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். போக விருப்பமா என்று கேட்டுவிட்டுப் போட்ட கணக்கு இல்லை அது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அப்படி வந்தவர்களின் பிள்ளைகளை இன்றும் 'சிலோன்காரங்க' என்கிறார்கள். பிரச்சினையை இலங்கை பெருமளவு முடித்து வைக்க 2003 வரை ஆயிற்று.

இதே இலங்கையில் 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. ஓட்டுப் போடுவதற்காக எழுதிய பெயர்கள்.

2025இல் பீகாரில் தீவிரத் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். பட்டியலைச் சுத்தம் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விடுபட்டவர்களின் பெயரையும் விடுபட்ட காரணத்தையும் வெளியிடு என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒருவர் பெயரை அடிப்பவர், அடித்த காரணத்தைத் தானாகவே அவரிடம் சொல்ல வேண்டாமா?

ஒரு பட்டியலால் அடிபட்டவர்கள் இன்னொரு பட்டியலால் அடிபடுபவரைப் புரிந்துகொள்வார்கள்தானே?

அப்படி நம்பித்தான் நானும் இந்தத் துறைக்கு வந்தேன்.

உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்று ஊராட்சிகள் உள்ளன. 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடத்த விடவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. தப்பித் தவறி ஒருவர் ஜெயித்தாலும் பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா. 2006இல்தான் மாவட்ட நிர்வாகம் ஊரோடு பேசிப் பேசித் தேர்தலை நடத்தி, வந்தவர்களைப் பதவியில் இருக்க வைத்தது. பெருங்காமநல்லூர் நினைவுத் தூணுக்கு மாலை போடும் வட்டாரம்தான் இதுவும்.

அங்கே ஒரு கூட்டத்தில் நான் இரண்டையும் சேர்த்துப் பேசினேன். முன்வரிசையில் இருந்த சிலர் எழுந்து போனார்கள். டீ கொண்டுவந்து கொடுத்த பையன் மட்டும் கடைசிவரை நின்று கேட்டான். அவன் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

நீங்கள் எந்தக் கட்சி, சார்?

ஒரு கட்சி மேடையில் மாலை போட்டார்கள், அடுத்த மாதம் அதே கட்சிக்காரர் முகநூலில் திட்டினார். அந்த வரிசையில் இதுவரை மூன்று கட்சிகள்.

சரி, 2027இல் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

2021இல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளித் தள்ளி, 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கிறது. 1881இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வந்த கணக்கு முதல் தடவையாகத் தவறியது. இந்த முறை காகிதப் படிவம் இல்லை. கைபேசிச் செயலியில் பதிவார்கள், விரும்பினால் நீங்களே இணையத்தில் நிரப்பலாம். சாதியும் கேட்பார்கள்.

பதில் சொல்லுங்கள். 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உங்கள் தனி விவரத்தை யாரும் பார்வையிடவோ நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கவோ முடியாது என்கிறது. சந்தேகப் பேர்வழியான நானே மதிக்கும் பிரிவு அது. சாதி என்று வரும்போது பட்டப்பெயரைச் சொல்லாமல், சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்லுங்கள். சாதி இல்லை என்று வாழ்பவர்கள் அதையே சொல்லலாம். அயோத்திதாசர் ஆவி மகிழும்.

வருகிறவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியராக இருப்பார். வெயிலில் நாற்பது வீடு ஏறி இறங்கி வந்திருப்பார். முதலில் தண்ணீர் கொடுங்கள். எல்லாம் கேட்டு முடித்துக் கிளம்பும்போது, "டீச்சர், நான் சொன்னதை என்னன்னு போட்டிருக்கீங்க, அந்த போனைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க, படிச்சுப் பார்த்துக்கிறேன்" என்று கேளுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், அவர்களுடையதை உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.